'எல்லாமே பிடிக்கும்' என்பவர்களுக்கு: சொந்த ரசனையைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும் என்று யாராவது கேட்டால் பலர் திணறுவார்கள். "எல்லாம் படிப்பேன்" என்பார்கள். படம்? "நல்ல படமா இருந்தா போதும்." பாட்டு? "அப்படித் தனியா எதுவும் இல்லை." சாப்பாடு? "எது கொடுத்தாலும் சாப்பிடுவேன்." பணிவுக்காக இப்படிச் சொல்பவர்களை விட்டுவிடுவோம். நிஜமாகவே பதில் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பதில் தெரியாவிட்டால் குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆனால் எடுத்த புத்தகமெல்லாம் பாதியில் நிற்கிறது, எந்தப் படம் பார்ப்பது என்று தேடியே தூக்கம் வந்துவிடுகிறது, பரிசு தருபவர்கள் ஒவ்வொரு முறையும் சட்டையே வாங்கித் தருகிறார்கள் என்றால் கொஞ்சம் மெனக்கெட்டுப் பார்க்கலாம்.

ரசனையை 'உயர்த்திக்கொள்ள' வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எது சிறந்த படம், எது தரமான இசை என்ற பேச்சே இங்கே வராது. உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ரசனை இருக்கிறது. நீங்கள் எதைத் தேடிப் போனீர்கள், எதைப் பாதியில் போட்டீர்கள் என்பதில் அது பதிவாகியும் இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தால் அது பிடிபடாது. குறித்து வைத்தால் பிடிபடும்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, இரண்டு மூன்று மாத அவகாசம் போதும். நூலக உறுப்பினர் அட்டை இருந்தால் நல்லது. காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பாதியில் மூட மனசு வராது. இந்த வேலையில் நிறைய மூட வேண்டியிருக்கும்.

1. முதலில் பழைய கணக்கு

புதிதாக எதையும் தேடி ஓடாதீர்கள். கடந்த ஓரிரு ஆண்டுகளை நோட்டில் இறக்குங்கள். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பக்கம், யாரும் சொல்லாமல் நீங்களாகவே மறுபடி போனவை: இரண்டாம் முறை பார்த்த படம், திரும்பத் திரும்ப ஓடிய பாட்டு, மறுபடி புரட்டிய புத்தகம். அடுத்து, பாதியில் விட்டவை. மூன்றாவது, முடித்தீர்கள், ஆனால் இப்போது அதிலிருந்து ஒரு காட்சிகூட நினைவுக்கு வரவில்லை என்னும் வகை.

'பிடித்தவை' என்று ஒரு பத்தி போடச் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள். அந்தத் தலைப்பைப் போட்டால் பேனா தானாகவே மரியாதைப்பட்ட பெயர்களைத் தேட ஆரம்பித்துவிடும். யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தாலும் கை அப்படித்தான் எழுதும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பொய் சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

நினைவை மட்டும் நம்ப வேண்டாம். படம், பாட்டுச் செயலிகளில் பார்த்தவை கேட்டவையின் வரலாறு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். வீட்டில் பலர் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் குழந்தைப் பாட்டுகளை முதலில் கழித்துவிட வேண்டும். சாப்பாட்டுக்கு வரலாறு கிடையாது என்பதால் இரண்டு கேள்விகள். ஓட்டலில் பட்டியலை முழுக்கப் படித்துவிட்டுக் கடைசியில் எதைச் சொல்கிறீர்கள்? வீட்டில் வேறு யாரும் இல்லாத நாளில் உங்களுக்கென்று என்ன செய்து சாப்பிடுகிறீர்கள்? எனக்கு இரண்டாவது பதிலில்தான் அதிக நம்பிக்கை. முதலாவதில் பழக்கமும், கூட வந்தவர்களின் முகமும் கலந்திருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது முதன்முதலில் உங்களிடம் வந்து சேர்ந்தபோது என்ன வயது என்றும் குறியுங்கள். ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-இல் வெவ்வேறு வயதுக்காரர்களுக்குப் பல காலத்துப் பாடல்களைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்குச் சுமார் 23, 24 வயது இருந்தபோது வெளிவந்த பாடல்களையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். உங்கள் பட்டியலிலும் பதின்ம வயதையும் இருபதுகளையும் சுற்றிப் பெயர்கள் குவிந்திருக்கலாம். அவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு வையுங்கள். அங்கே நீங்கள் விரும்புவது பாட்டையா, அந்த வயதையா என்று பின்னால் பிரித்துப் பார்க்க வேண்டி வரும்.

2. இப்போதைக்குக் காரணம் எழுதாதீர்கள்

இந்தப் படிதான் பலருக்கு விசித்திரமாகப் படும். ஏன் பிடித்தது என்று எழுதினால்தானே ரசனை தெரியும்? தெரியும், ஆனால் பிறகு. அவசரப்பட்டுக் காரணம் சொல்லப் போனால் பிடித்ததே மாறிவிடும்.

டிமதி வில்சன், ஜொனாதன் ஸ்கூலர் என்ற உளவியலாளர்கள் 1991-இல் கல்லூரி மாணவர்களுக்கு ஐந்து ஸ்ட்ராபெரி ஜாம் வகைகளைக் கொடுத்துத் தரவரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஒரு குழு சுவைத்துவிட்டு வரிசையை மட்டும் சொன்னது. இன்னொரு குழு ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் எழுதிவிட்டு வரிசை சொன்னது. காரணம் எழுதாதவர்களின் வரிசை, சுவை நிபுணர்களின் வரிசையோடு ஓரளவு ஒத்துப்போனது. காரணம் எழுதியவர்களின் வரிசை கலைந்துபோனது. இரண்டு ஆண்டுகள் கழித்து வில்சன் குழுவினர் சுவரில் மாட்டும் படங்களை வைத்து இதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். காரணங்களை அலசிவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்து வீட்டுக்கு எடுத்துப்போனவர்கள், சில வாரம் கழித்துக் கேட்டபோது மற்றவர்களைவிடக் குறைவான திருப்தியோடு இருந்தார்கள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. நம் மனதில் எழும் விருப்பத்துக்கும் நம் வாயில் எளிதாக வரும் வார்த்தைக்கும் நிறைய இடைவெளி. 'திரைக்கதை இறுக்கமாக இருந்தது' என்று சொல்வது எளிது. அந்த நடிகையின் குரலில் இருந்த ஏதோ ஒன்று என்பதைச் சொல்வது கஷ்டம். எளிதாகச் சொல்ல வருவதையே காரணம் என்று எழுதுவோம், எழுதியதையே நம்பவும் ஆரம்பிப்போம்.

அதனால் முதல் ஒரு மாதத்துக்கு நடந்ததை மட்டும் குறியுங்கள். படம் ஓடும்போது போனை எடுத்தீர்களா? புத்தகத்துக்காகத் தூக்கத்தைத் தள்ளிப்போட்டீர்களா? மறுநாள் யாரிடமாவது அதைப் பற்றிப் பேச வாய் ஊறியதா? பாட்டு முடிந்ததும் கை தானாக மறுபடி அழுத்தியதா? சாப்பிடும்போது பேச்சு நின்றதா? 'ஆம்', 'இல்லை' என்று ஒரு வரி போதும்.

மதிப்பெண்ணும் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை என்று இன்று போட்டதை அடுத்த மாதம் நீங்களே போட மாட்டீர்கள்.

3. ஊரார் சொல்வதைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள்

2006-இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று பேர் அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்க வைத்தார்கள். சிலருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். அதே 48 பாடல்கள்தான். ஆனால் ஒவ்வொரு உலகத்திலும் வேறு வேறு பாட்டு மேலே ஏறியது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமானது முதலிடம் பிடிப்பதும் அரிதாக இருந்தது. நடுவில் இருந்தவை எங்கே வேண்டுமானாலும் போயின. முதலில் வந்த சிலரின் விருப்பம் அடுத்து வந்தவர்களை இழுத்துக்கொண்டு போனது.

நாமும் அப்படி ஓர் உலகத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதற்காக மற்றவர்கள் சொல்வதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் துறவு போக வேண்டியதில்லை. வரிசையை மட்டும் மாற்றுங்கள்: முதலில் பாருங்கள், ஒரு வரி குறியுங்கள், அப்புறம் விமர்சனம் படியுங்கள். விமர்சனம் படித்ததும் உங்கள் கருத்து நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் அதையும் குறியுங்கள். நல்ல விமர்சகர் நீங்கள் கவனிக்காததைக் காட்டியதால் நகர்ந்தது ஒரு வகை. கூட்டத்தோடு நிற்கும் ஆசையில் நகர்ந்தது இன்னொரு வகை. ஒரு வாரம் கழித்துப் படித்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

கண்ணும் இப்படித்தான் ஏமாற்றும். பிரான்ஸில் ஒயின் படிப்பு படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வார்த்தைகளால் அவர்கள் அதை வர்ணித்தார்கள். இந்த ஆய்வு வெளிவந்தது 2001-இல். தொழில் படிப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம். வீட்டில் செய்து பார்க்க எளிய வழி உண்டு. நீங்கள் பழக்கமாக வாங்கும் பிஸ்கட்டையோ காப்பித்தூளையோ இன்னும் இரண்டு வகையோடு சேர்த்து, எது எது என்று தெரியாமல் வேறொருவரைக் கொடுக்கச் சொல்லுங்கள். உங்கள் 'பிடித்த' வகை ஜெயித்தால் சரி. தோற்றால் நீங்கள் இத்தனை நாள் சுவைத்தது டப்பாவைத்தான்.

4. ஒவ்வொன்றாகப் பிரித்து மேய்தல்

இரண்டாம் மாதத்தில் நாலு துறைகளுக்கும் வெவ்வேறு கேள்விகளோடு போக வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் தேவையில்லை. சாப்பாட்டில் ஆரம்பியுங்கள். அங்கே பதில் உடனே கிடைக்கும், தப்பாகப் போனாலும் ஒரு வேளையோடு முடிந்துவிடும்.

சாப்பாடு

நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மென்று விழுங்கும்போது வாய்க்குள்ளிருந்து மணம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. மூக்கை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வாசனை மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், என்ன பழம் என்று தெரியாது. விரலை எடுத்ததும் பழம் வந்துவிடும். ஒரு முறை இதைச் செய்து பார்த்தால், உங்களுக்குப் பிடித்த உணவு நாக்குக்குப் பிடித்ததா மூக்குக்குப் பிடித்ததா என்று கேட்கப் பழகிவிடுவீர்கள்.

நம் மரபு ஆறு சுவை சொல்கிறது: இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, கசப்பு, துவர்ப்பு. இன்றைய அறிவியல் ஐந்து என்கிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றோடு, 1908-இல் ஜப்பானின் கிகுனே இகேடா அடையாளம் கண்ட உமாமி ஐந்தாவது. காளானிலும் பழுத்த தக்காளியிலும் பழைய சீஸிலும் இருக்கும் அந்தக் கனமான ருசி அது. கார்ப்பும் துவர்ப்பும் இந்தக் கணக்கில் வராததற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரம், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு வாங்கிகளைத் தூண்டுகிறது. அந்த வாங்கியை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. துவர்ப்போ பெரும்பாலும் தொடுவுணர்வு. வாய் வறண்டு சுருங்குவது போன்றது. நோட்டுக்கு நமக்கு இரண்டு பட்டியலும் வேண்டும். ஏனென்றால் 'எனக்குக் காரம் பிடிக்கும்' என்பவர்களில் பலருக்குப் பிடிப்பது அந்தச் சுரீர்தான். 'கத்தரிக்காய் பிடிக்காது' என்பவர்களில் பலருக்குப் பிடிக்காதது அதன் கொழகொழப்பு.

அதனால் பிடிக்காத உணவு ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கேளுங்கள்: பிடிக்காதது சுவையா, மணமா, பதமா, சூடா, பார்வையா? பதம்தான் காரணம் என்றால் அதே காயை வறுத்தோ சுட்டோ பச்சையாகவோ ஒரு முறை சாப்பிட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். நிறையப் பேரின் 'பிடிக்காது' பட்டியல் இந்த ஒரே கேள்வியில் பாதியாகிவிடும்.

சில வெறுப்புகள் உடம்போடு பிறந்தவை. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் ஒரு தூள் காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரே பொருள் சிலருக்குக் கடும் கசப்பு, சிலருக்குச் சுவையே இல்லை என்பதும், அது பரம்பரையாக வருவது என்பதும் அப்படித்தான் வெளிப்பட்டது. கொத்துமல்லித் தழை சிலருக்குச் சோப்பு மாதிரி இருப்பதற்கும் மணம் உணரும் ஒரு மரபணுவோடு தொடர்பு உண்டு என்று 2012-இல் தெரிய வந்தது. அப்படிப்பட்டவரிடம் "சாப்பிட்டுப் பழகினால் சரியாகிவிடும்" என்று அதட்டாதீர்கள். நீங்களே அப்படிப்பட்டவர் என்றால் குற்ற உணர்ச்சியே வேண்டாம், தழையை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுங்கள்.

மற்றபடி பழக்கத்துக்குப் பலம் அதிகம். காப்பியின் கசப்பை முதல் வாயிலேயே விரும்பிய குழந்தை இருக்காது. ஒரே முறை சுவைத்துவிட்டு 'பிடிக்காது' என்று நோட்டில் எழுதாமல் 'இன்னும் இல்லை' என்று எழுதுங்கள். நாட்களை இடைவெளிவிட்டு, வேறு வேறு சமையலில், கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை சாப்பிட்ட பிறகும் மாறவில்லை என்றால் அப்போது 'பிடிக்காது' என்று மையில் எழுதலாம்.

புத்தகம்

நான்ஸி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் சொன்ன ஒரு வகைப்பாடு, வகைமைப் பெயர்களைவிட எவ்வளவோ உபயோகமானது. ஒரு புத்தகத்துக்குள் நுழைய நான்கு வாசல்கள் என்பார் அவர்: கதை, பாத்திரம், இடம், மொழி. கதை வாசல்காரர் அடுத்து என்ன என்று பக்கம் புரட்டுவார். பாத்திர வாசல்காரருக்குப் புத்தகம் முடிந்தால் ஒரு ஆள் ஊரைவிட்டுப் போனது போல இருக்கும். இட வாசல்காரர் அந்த ஊரில் அந்தக் காலத்தில் வாழ்ந்துவிட்டு வருவார். மொழி வாசல்காரர் ஒரு வரியைப் படித்துவிட்டு மறுபடி அதே வரியைப் படிப்பார்.

உங்கள் 'மறுபடி போனவை' பட்டியலில் உள்ள புத்தகங்களுக்கு இந்த நான்கில் எது பெரிய வாசல் என்று குறியுங்கள். பாதியில் விட்டவற்றுக்கும் குறியுங்கள். 'துப்பறியும் கதை பிடிக்கும்' என்று நினைத்துக்கொண்டிருந்தவர், தன்னை இழுத்தது துப்பறிபவரின் குணம்தான் என்று கண்டுபிடிப்பார். அதற்குப் பிறகு முடிச்சு மட்டும் பிரமாதமாக இருக்கும் நாவல்கள் ஏன் கையில் நிற்கவில்லை என்பதும் புரியும். வாழ்க்கை வரலாறு, பயணம், கட்டுரை எல்லாவற்றுக்கும் இந்த வாசல்கள் பொருந்தும்.

எப்போது மூடுவது? இதற்கும் பேர்லிடம் ஒரு விதி இருக்கிறது. 50 பக்கம் படியுங்கள். இழுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 50 வயது தாண்டியவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து, வரும் பக்கம் வரைக்கும் படித்தால் போதும். 70 வயதுக்காரர் 30 பக்கத்தில் எழுந்து போகலாம். வயதாக ஆகப் பொறுமை காட்ட வேண்டிய கடன் குறைந்துகொண்டே வருகிறது என்ற இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மூடும்போது எந்தப் பக்கத்தில் மூடினீர்கள் என்று குறித்துவிடுங்கள். எல்லாவற்றையும் பத்தாம் பக்கத்தில் மூடுகிறீர்கள் என்றால் சிக்கல் ரசனையில் இல்லை, வாசிக்கும் நேரத்திலோ இடத்திலோ பக்கத்தில் இருக்கும் போனிலோ இருக்கிறது.

நூலகவியலுக்கு ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நூலகரிடம் போய் "நல்ல புத்தகம் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் அவர் எதைத் தருவார் பாவம். "இந்த மூன்றும் எனக்குப் பிடித்தன, பாத்திரங்களுக்காக" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மாறும்.

படம்

படத்துக்கு உடனே தீர்ப்பு எழுத வேண்டாம், இரண்டு நாள் போகட்டும். பெரிய திரை, கூட்டம், சத்தம், கூட வந்தவர்களின் சிரிப்பு எல்லாம் வடிந்த பிறகு மனதில் எந்தக் காட்சி நிற்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே நிற்கவில்லை என்றால் நல்ல பொழுதுபோக்கு, அதுவும் தேவைதான்.

நின்ற காட்சி எந்த உணர்ச்சியைக் கிளப்பியது என்று குறிக்கத் தொல்காப்பியம் ஒரு தயார் பட்டியல் வைத்திருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். சிரிப்பு, அழுகை, அருவருப்போடு சேர்ந்த தாழ்வுணர்வு, வியப்பு, பயம், பெருமிதம், கோபம், மகிழ்ச்சி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். 'ஆக்‌ஷன் படம்', 'குடும்பப் படம்' என்ற விளம்பரப் பிரிவுகளைவிட இது உதவும். சண்டைப் படம் என்றால் உயிர் என்பவரின் நோட்டில் வெகுளி ஒரு இடத்திலும் இல்லாமல் பெருமிதமாகவே நிறைந்திருக்கலாம். அப்படியென்றால் அவருக்குச் சண்டையே இல்லாத ஒரு விளையாட்டுப் படமும், ஒரு விஞ்ஞானியின் கதையும் பிடிக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொரு வேலை. பிடித்த படங்களின் பெயர்ப் பட்டியலில் இயக்குநரோடு நிற்காமல் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, எழுத்து யார் என்று பாருங்கள். ஒரே பெயர் இரண்டு மூன்று படங்களில் வந்தால் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள். நடிகர்களைப் பின்தொடர்வதைவிட இது சுவாரசியமான பாதை.

பாட்டு

முதல் கேள்வி: கேட்கிறீர்களா, ஓட விடுகிறீர்களா? பாத்திரம் கழுவும்போது ஓடுவதற்கு ஒரு ரசனை, இருட்டில் படுத்துக் கேட்பதற்கு ஒரு ரசனை. இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள், கலந்தால் குழம்பும்.

அப்புறம் பிடித்த பாட்டைப் பிரியுங்கள். அதே மெட்டு வாத்தியத்தில் மட்டும் வந்தால் பிடிக்கிறதா? வேறு குரல் பாடினால்? வரி புரியாத மொழியில் அதே மாதிரித் தாளம் வந்தால்? குரல், மெட்டு, தாளம், வரி ஆகியவற்றில் எதை எடுத்தால் பாட்டு செத்துப்போகிறதோ அதற்காகத்தான் கேட்கிறீர்கள். புதுவகை இசையை ஒரே முறை கேட்டுத் தள்ளிவிடாதீர்கள். ஒன்றை மீண்டும் மீண்டும் சந்திப்பதே விருப்பத்தைக் கூட்டும் என்று ராபர்ட் ஸயன்ஸ் என்ற உளவியலாளர் 1968-இல் எழுதினார். இசையில் இதை யாரும் உணரலாம். விளம்பரப் பாட்டுகள் ஒட்டிக்கொள்வதும் இதனால்தான்.

எல்லாம் செய்தும் இசையில் எந்த ஈர்ப்பும் இல்லை என்றால் அப்படியும் மனிதர்கள் உண்டு. காது நன்றாகக் கேட்கும், மற்ற எல்லா மகிழ்ச்சியும் உண்டு, இசை மட்டும் எதுவும் செய்யாது. பார்சலோனா ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை மடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

5. இப்போது காரணம் எழுதலாம்

இரண்டு மாதக் குறிப்புகளை ஒரே மூச்சில் படியுங்கள். நாலு துறைகளுக்கும் குறுக்கே ஓடும் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஒருவருக்கு மெதுவாகத் தொடங்கி ஏறும் பாட்டு, நிதானமாக நகரும் நாவல், அடுப்பில் நெடுநேரம் கிடந்து கொதித்த குழம்பு என்று வரும். இன்னொருவருக்கு மொறுமொறுப்பு, சின்னச் சின்ன வாக்கியம், வேகமான தாளம். எல்லோருக்கும் இப்படி ஒரு கோடு கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். சிலர் புத்தகத்தில் ஒரு ஆளாகவும் சாப்பாட்டில் வேறு ஆளாகவும் இருப்பார்கள். இழுத்துப் பிடித்து ஒட்டவைக்காதீர்கள்.

கிடைத்ததை நாலைந்து வாக்கியங்களாக எழுதுங்கள். 'நகைச்சுவைப் படம் பிடிக்கும்' என்பது வாக்கியம் அல்ல, அலமாரியில் ஒட்டும் சீட்டு. 'தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்ளும் ஒருவர் மெல்ல மெல்ல அசடு வழியும் கதை பிடிக்கும். உருண்டு விழுந்து சிரிக்க வைக்கும் முயற்சி பிடிக்காது' என்பது வாக்கியம்.

எழுதிவிட்டால் சோதிக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் புதிதாக எதை எடுத்தாலும், தொடங்குவதற்கு முன்பே 'பிடிக்கும்', 'பிடிக்காது' என்று முன்கூட்டியே ஊகித்து எழுதுங்கள். முடித்ததும் சரிபாருங்கள். ஊகம் பலித்தவற்றில் கற்க ஒன்றும் இல்லை. பொய்த்த இடத்தில்தான் நோட்டுக்கு வேலை: வாக்கியத்தை எங்கே திருத்த வேண்டும் என்று அது காட்டும். அந்த நட்சத்திரம் போட்ட பழைய பாட்டுகளையும் இப்போது எடுங்கள். அதே காலத்தில் வெளிவந்து நீங்கள் கேட்கத் தவறிய ஒன்றைக் கேளுங்கள். அதுவும் பிடித்தால் விருப்பம் அந்த இசையின் மீது. பழையது மட்டும்தான் இனிக்கிறது என்றால் அது உங்கள் இளமையின் மீது. இரண்டுக்கும் தடை ஒன்றும் இல்லை.

6. வேலிக்கு வெளியே

செயலிகளின் பரிந்துரை பெரும்பாலும் ஒரே தர்க்கத்தில் ஓடுகிறது: உங்களைப் போலத் தேர்ந்தெடுத்த மற்றவர்கள் வேறு எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பார்த்து அதை உங்கள் முன் வைப்பது. வசதிதான். ஆனால் நீங்கள் நேற்று அழுத்தியதை ஒட்டியே நாளையும் வரும். ஐந்தில் ஒன்றையாவது அதற்கு வெளியிலிருந்து எடுங்கள். நூலகத்தில் ஒரு நாள் நீங்கள் போகாத அடுக்குக்குப் போய்க் கண்ணில் பட்டதை எடுக்கலாம்.

என்னைக் கேட்டால், உங்களோடு எப்போதும் ஒத்துப்போகும் விமர்சகரைவிட எப்போதும் மாறுபடும் விமர்சகர் அதிகம் பயன்படுவார், நிலையாக மாறுபட்டால். அவர் திட்டினால் நம்பிக்கையோடு போகலாம். அவர் ஒன்றைப் புகழும்போது எதைப் புகழ்கிறார் என்று படியுங்கள். உங்கள் வாசல் எது அல்ல என்பது அங்கே எழுதியிருக்கும்.

7. வெளியே சொல்வது

'பிடிக்கும், ஆனா சொன்னா சிரிப்பாங்க' என்று ஒரு ரகசியப் பட்டியல் பலரிடமும் உண்டு. பியர் பூர்தியூ என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1979-இல் இதைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ரசனை என்பது வெறும் விருப்பமாக மட்டும் இருப்பதில்லை, நான் யார், எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்று காட்டும் அடையாளமாகவும் வேலை செய்கிறது என்பது அவர் வாதம். உங்கள் வெட்கம் எந்தப் பெயரில் அதிகமாகிறது என்று பார்த்தால், யார் முன்னால் நல்ல பெயர் வாங்க நினைக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகும் சொல்லாமல் இருக்கலாம். அது உங்கள் இஷ்டம். நோட்டில் மட்டும் மறைக்காதீர்கள்.

பேச்சில் இரண்டை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று, 'நன்றாக இல்லை' என்று சொல்ல வாய் வரும்போது 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்வது. முன்னது எதிரில் இருப்பவரின் விருப்பத்தோடு சண்டைக்குப் போகும், பின்னது போகாது. 'நன்றாகச் செய்திருக்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை', 'சுமார்தான், ஆனால் எனக்கு உயிர்' என்ற இரண்டையும் கூச்சமில்லாமல் சொல்ல வந்துவிட்டால் நீங்கள் நன்றாகவே தேறிவிட்டீர்கள். விருந்துக்குப் போன வீட்டில் மட்டும் இதில் எதையும் சோதிக்க வேண்டாம்.

மற்றொன்று, என்ன பிடிக்கும் என்று கேட்பவர்களிடம் வகையைச் சொல்லாமல் ஒரே ஒரு பொருளைச் சொல்வது. கடைசியாக மறுபடி படித்த புத்தகம், இந்த வாரம் ஓயாமல் ஓடிய பாட்டு. வகையைச் சொன்னால் எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். பொருளைச் சொன்னால் "அதுவா, எனக்கு அதில்..." என்று ஆரம்பிப்பார், அல்லது "கேள்விப்பட்டதே இல்லையே" என்பார். இரண்டிலும் பேச்சு நகரும். பரிசு வாங்க வருபவர்களுக்கும் அந்த நாலைந்து வாக்கியங்களில் ஒன்றைச் சொல்லி வைக்கலாம்.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை எடுத்து வாக்கியங்களைச் சரிபாருங்கள். பொய்யாகிப்போன வாக்கியத்தை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டு, புதியதைக் கீழே எழுதுங்கள். 'இன்னும் இல்லை' என்று குறித்த உணவுகளையும் அன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடலாம்.